பிறந்தநாள் தொப்பியும் தோரணமும் வீட்டில் சேரும் சாமான்களிலேயே செய்வது எப்படி?

கேள்வி: நாங்கள் மொரீசியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். டிசம்பரில் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் அலங்காரம் வாங்க மனமில்லை. வீட்டில் கிடக்கும் அட்டைப் பெட்டி, பழைய துணி, செய்தித்தாள் இவற்றைக் கொண்டே தொப்பியும் அலங்காரமும் செய்ய முடியுமா? மழை ஈரத்தில் நமுத்துப் போகாதா? பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்:

தாராளமாக முடியும். பதினைந்து பேருக்கு என்றால் மூன்று வாரம் முன்னதாகவே சேர்க்கத் தொடங்கிவிடுங்கள். கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிறேன். வருஷப் பிறப்பு, ஆண்டிறுதி விழா இரண்டுக்கும் எங்கள் தொப்பி, தோரணம் எல்லாம் இப்படிச் செய்தவைதான். அதனால் இந்த ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் எது தாங்கும், எது தாங்காது என்று சொல்ல முடியும்.

செய்முறைக்குப் போகும் முன் ஒரு விஷயம். பழைய சாமானில் அலங்காரம் செய்வதில் முக்கியமானது எதை எதோடு எப்படிச் சேர்க்கிறோம் என்பதுதான். சுத்தமான ஒரு கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டி நல்ல காகித அட்டை. அதை மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம், கிழித்து உரக்குழியிலும் போடலாம். அதே பெட்டியில் சூட்டுப் பசையை ஊற்றி, ஜிகினாத் தூளைத் தூவி, செல்லோடேப்பைச் சுற்றிவிட்டால் அதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மண்ணிலும் மட்காது. நேரே குப்பை லாரிக்குப் போகும். நம் தீவின் குப்பை முழுவதும் போய்ச் சேருவது 1997-இல் திறந்த மார் ஷிகோஸ் கிடங்கு ஒன்றுக்குத்தான். ஒரு மாலை நேரக் கொண்டாட்டத்துக்காக நல்ல அட்டையைக் கெட்ட குப்பையாக மாற்ற வேண்டாமே. ஆகவே நான் சொல்லப்போகிற எல்லாவற்றிலும் நூல், மைதாப் பசை, ஸ்டேப்ளர், கீறிச் சொருகுவது இந்த நான்கு வழிகளில்தான் இணைப்பு இருக்கும். விழா முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துவிடலாம்.

முதலில் கூம்புத் தொப்பி. பிள்ளைகள் ஆசையாகக் கேட்பது அதைத்தான். பலரும் வட்டத்தைப் பாதியாக வெட்டிச் சுருட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் தொப்பி குட்டையாகவும் அகலமாகவும் வரும், தலையில் நிற்காமல் நழுவும். வட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சரியான அளவு. கோணமானி வேண்டியதில்லை. ஒரு நூலின் முனையில் பென்சிலைக் கட்டி 16 செ.மீ. ஆரத்தில் செய்தித்தாளில் ஒரு வட்டம் போடுங்கள். அதே 16 செ.மீ. நீளத்தை வட்டத்தின் விளிம்பில் அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டே போனால் சரியாக ஆறு குறிகள் விழும். ஒன்று விட்டு ஒரு குறியிலிருந்து மையத்துக்குக் கோடு போட்டால் மூன்று சம துண்டுகள் வந்துவிடும். ஒன்றை வெட்டி மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டின் அகலம் சுமார் 28 செ.மீ., உயரம் 16 செ.மீ. பெரிய கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியின் முகப்பில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றுமாக, ஒரு பெட்டியில் இரண்டு தொப்பிகள் கிடைக்கும். பதினைந்து பேருக்கு எட்டுப் பெட்டி. ஒரு வீட்டில் மூன்று வாரத்தில் அவ்வளவு சேராது. அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர் வீடுகளிலும் சொல்லி வையுங்கள். பிஸ்கட், தேயிலை, சலவைத் தூள் பெட்டிகளும் ஆகும். சலவைத் தூள் பெட்டியை மட்டும் ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்திவிடுங்கள். தூள் ஒட்டியிருந்தால் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கும்.

வெட்டியவுடன் சுருட்டாதீர்கள். அட்டையில் நார்கள் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசையோடு போனால் எளிதாக வளையும், குறுக்கே வளைத்தால் மடிந்து கோடு விழும். இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தால் கைக்கே தெரிந்துவிடும். பிறகு அட்டையை மேசை விளிம்பில் வைத்து, மேலிருந்து கீழாக நாலைந்து தடவை அழுத்தி இழுங்கள். சேலையை நீவுவது போல மெதுவாக இழுத்தால் அட்டை இளகி, தானே சுருளத் தொடங்கும். அச்சடித்த பக்கம் உள்ளே போகட்டும், சாம்பல் நிறப் பக்கம் வெளியே வரட்டும். வழவழப்பான பக்கத்தில் தண்ணீர்ச் சாயம் ஒட்டாது, சாம்பல் பக்கம் நன்றாக உறிஞ்சும்.

விளிம்புகள் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக ஸ்டேப்ளர் அடியுங்கள். ஊசியின் மடிந்த கால்கள் வெளிப்பக்கம் வர வேண்டும், வழுவழுப்பான முதுகு தலைப்பக்கம் இருக்க வேண்டும். வெளியே தெரியும் கால்கள்மேல் ஒரு காகிதப் பட்டையைப் பசை தடவி ஒட்டிவிடுங்கள். அடியில் விட்டம் சுமார் 10 செ.மீ. வரும். உச்சந்தலையில் அழகாக உட்காரும் அளவு அது.

கட்டுவதற்கு எலாஸ்டிக் கடையில் வாங்க வேண்டாம். கிழிந்த டிஷர்ட்டின் உடல் பகுதியைக் குறுக்கே 2 செ.மீ. அகலத்தில் வெட்டி, கிடைக்கும் வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, இரண்டு கையாலும் நன்றாக இழுங்கள். துணி உள்பக்கமாகச் சுருண்டு மெத்தென்ற கயிறாகிவிடும், தாடையை அறுக்காது. பழைய பாவாடையின் இடுப்பு எலாஸ்டிக்கும் ஆகும். ஒரு முனையை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். மறுமுனையை முடிச்சில்லாமல் ஒரு கீறலில் சொருகி மட்டும் விடுங்கள். ஓடி விளையாடும்போது எதிலாவது மாட்டினால் அந்த முனை கழன்று வந்துவிடும், கழுத்தை இறுக்காது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் வந்தால் அவர்களுக்குத் தாடைக் கயிறே வேண்டாம். தலையைச் சுற்றி வரும் பட்டை போதும்.

அந்தத் தலைப்பட்டையைத்தான் கிரீடமாக்குகிறோம். இதற்கு ஒரு லிட்டர் பால் அல்லது பழச்சாற்று அட்டைப்பெட்டி அருமையான பொருள். அதன் அட்டைக்கு உள்ளே மெல்லிய அலுமினியத் தாளும் பிளாஸ்டிக் பூச்சும் இருப்பதால் ஈரம் ஏறாது, உள்பக்கம் வெள்ளித் தகடு மாதிரி மின்னும். காலியான அன்றே சோப்புத் தண்ணீரில் அலசிவிடுங்கள். ஒரு நாள் விட்டால் கூடப் பால் வாடை போகாது. மேலும் கீழும் வெட்டி, ஒட்டிய ஓரத்தில் பிளந்து விரித்தால் 28 முதல் 31 செ.மீ. நீளத் தகடு கிடைக்கும். ஆறு வயதுப் பிள்ளையின் தலைச்சுற்று பெரும்பாலும் 51, 52 செ.மீ. இருக்கும். இரண்டு தகடுகளை ஓரங்களில் கொஞ்சம் ஏற்றி ஸ்டேப்ளர் அடித்தால் போதும். கத்தரிக்கும் முன் தகட்டை மூன்றாக மடித்து, மேல் விளிம்பில் ஒரே ஒரு முக்கோணம் வெட்டுங்கள். விரித்தால் எல்லாக் கூர்முனையும் ஒரே அளவில் இருக்கும். முனைகளை லேசாக உருட்டிவிடுங்கள், கண்ணில் குத்தாது.

இந்தத் தகட்டில் மைதாப் பசையும் ஒட்டாது, வெள்ளைக் கோந்தும் ஒட்டாது. அதனால் அலங்காரத்தைத் தைக்க வேண்டும் அல்லது சொருக வேண்டும். பழைய சேலையின் ஜரிகைக் கரை இருந்தால் அடிப்பட்டை முழுவதும் ஓட்டி நான்கு இடத்தில் தைத்துவிடுங்கள். வேறு எதுவுமே வேண்டாம், ராஜா வீட்டுக் கிரீடம் மாதிரி இருக்கும். நைந்துபோன பட்டுச் சேலைகள் எத்தனையோ வீட்டில் அலமாரியின் அடியில் தூங்குகின்றன. உடல் பகுதி இற்றுப்போனாலும் கரை பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும்.

செய்தித்தாள் தொப்பி எல்லாருக்கும் தெரியும். நடு விரிப்பை இரண்டாக மடித்து, மடிப்புள்ள மூலைகளை நடுவுக்குக் கொண்டுவந்து, கீழே மிஞ்சும் பட்டைகளை இருபுறமும் மேலே மடிப்பது. பெரிதாகிக் கண்ணை மூடுகிறது என்பதுதான் எல்லாரும் சொல்லும் குறை. பட்டைகளை மடிக்கும் முன் இரண்டு பக்க ஓரங்களையும் உள்ளே மடித்து அகலத்தைக் குறைக்க வேண்டும். தொப்பியைத் தட்டையாகக் கிடத்தி அளந்தால் அடி விளிம்பு தலைச்சுற்றில் பாதி, அதாவது ஏறக்குறைய 26 செ.மீ. இருக்க வேண்டும். டிசம்பர் வெக்கையில் வியர்க்கும்போது அச்சு மை நெற்றியில் பிசுபிசுவென்று ஒட்டும். உள்விளிம்பில் வெள்ளைக் காகிதத்தையோ பழைய காட்டன் துணியையோ ஒரு பட்டையாக மடித்து வைத்துவிடுங்கள்.

டிசம்பர் என்றதும் இன்னொரு யோசனை. அந்த மாதம் 11-ஆம் தேதி பாரதியார் பிறந்தநாள். பழைய வெள்ளை வேட்டியையோ படுக்கை விரிப்பையோ நீளவாக்கில் 15 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கிழித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முண்டாசு கட்டிவிடலாம். தலைச்சுற்று அளவில் ஓர் அட்டை வளையம் செய்து, அதன்மேல் துணியை முறுக்கிச் சுற்றி, முனையை உள்ளே சொருகிவிட்டால் அவிழாது. மீசையையும் கண்மையால் வரைந்துவிட்டால் பெண் பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்தான். எங்கள் வகுப்பில் காகிதத் தொப்பியைவிட இதற்குத்தான் போட்டி. துணியைத் துவைத்து அடுத்த வருஷமும் கட்டலாம்.

இப்போது பசை. இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்கட்டும். கரைசலை அதில் ஊற்றி, சிறு தீயில் கைவிடாமல் கிண்டினால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெண்மை மாறிக் கண்ணாடி போலத் தெளியும். அப்போது இறக்கிவிடலாம். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் கொஞ்சம் தாமதமாகப் பூசணம் பிடிக்கும். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் இருக்கும், அதற்குமேல் வைக்காதீர்கள். ஊரில் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. அது விஷம். பிள்ளைகள் விரலை வாயில் வைக்கும் வேலையில் அதைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது.

நமுத்துப் போவது பற்றிக் கேட்டீர்கள். டிசம்பரில் மழைக்காலம் தொடங்கிவிடும், மேட்டு நிலத்தில் ஈரம் அதிகம். கடலோரப் போர் லூயியில் ஒரு மணி நேரத்தில் காய்வது மேட்டு நிலத்துக் கியூர்பிப்பில் ஒரு பகல் எடுக்கும். ரோஸ் ஹில் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பசையை மெல்லியதாகத் தடவுவதுதான் இதற்கு மருந்து. கெட்டியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கி, இரண்டாம் நாள் கறுப்புப் புள்ளி விழும். ஒட்டிய தொப்பிகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி அடுக்காமல் காலிப் போத்தல்களின் தலையில் கவிழ்த்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். விழாவுக்கு மூன்று நாள் முன் ஒட்டு வேலையை முடித்துவிட்டால் போதும். ரொம்ப முன்னால் செய்தால் ஈரம் இழுத்து வளைந்துவிடும். மாடியில் திறந்த வெளியிலோ கடற்கரையிலோ கொண்டாடப் போகிறீர்கள் என்றால் காகிதத்தை நம்ப வேண்டாம். அங்கே துணியும் பால்பெட்டித் தகடும்தான் நிற்கும்.

சுவர் அலங்காரத்தில் என் முதல் ஓட்டு துணிக்கொடிக்குத்தான். முக்கோணத் துணித் துண்டுகளை ஒரு கயிற்றில் வரிசையாகத் தைப்பது, அவ்வளவுதான் வேலை. ஒரு தடவை செய்தால் பிள்ளை பெரியவளாகும் வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கட்டலாம். இந்த ஊரில் துணிக்குப் பஞ்சமே இல்லை. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபிறகு தீவெங்கும் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. நம் வீடுகளில் அம்மா, பெரியம்மா, அத்தை என்று யாராவது ஒருவர் தையல் எந்திரத்தில் உட்கார்ந்து சம்பாதித்திருப்பார். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வெட்டுத்துணி மூட்டை நிச்சயம் ஒன்று இருக்கும். கொடிக்கு அடிப்பாகம் 18 செ.மீ., உயரம் 20 செ.மீ. இருந்தால் தூரத்திலிருந்தும் எடுப்பாகத் தெரியும். மேல் விளிம்பில் 2 செ.மீ. மடித்துக் கயிற்றைச் சுற்றித் தையுங்கள். இரண்டு கொடிக்கு நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். டிஷர்ட் துணி பிரியாது, அப்படியே வெட்டலாம். நெய்த பருத்தித் துணி ஓரத்தில் நூல் பிரியும். சாய்வாக வெட்டினால் பிரிவது குறையும். சேலைத் துணியாக இருந்தால் இரட்டையாக மடித்துத் தைப்பதே நல்லது.

தெரிந்த முகங்களின் துணியாக இருந்தால் அதற்கு ஒரு தனி மதிப்பு வந்துவிடுகிறது. தாத்தாவின் சட்டை, மகளின் முதல் கவுன், பாட்டியின் நூல் சேலை என்று ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கதை சொல்லலாம். ஆறு வயதுப் பிள்ளை அந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். கடையில் வாங்கிய எந்தத் தோரணமும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

இதோடு நம்முடைய பழைய தோரணத்தையும் கட்டுங்கள். காவடி நாட்களில் கோயிலில் தென்னங்குருத்தைக் கிழித்து மடித்துக் கட்டுகிறார்களே, அந்தக் கைப்பழக்கம் உள்ள பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்கு ஓலைக் கிளியும் காற்றாடியும் செய்யக் கற்றுக்கொடுப்பார். டிசம்பரில் மாமரமெல்லாம் காய்த்து நிற்கும் காலம், மாவிலைக்கும் குறைவிருக்காது. வாசலில் மாவிலையும் ஓலையும், உள்ளே துணிக்கொடியும் இருந்தால் வேறு பெரிய அலங்காரம் தேவைப்படாது. அடுத்த நாள் ஓலையை நறுக்கிச் செடிக்கு அடியில் போட்டுவிடலாம்.

இங்கே தாழை ஓலையில் பின்னும் கூடைகளைப் பார்த்திருப்பீர்கள், சந்தைக்குத் தூக்கிப்போகிறவை. அதே குறுக்குப் பின்னலைச் செய்தித்தாள் பட்டையிலும் செய்யலாம். ஒரு முழுத் தாளை நீளவாக்கில் திரும்பத் திரும்ப மடித்து 3 செ.மீ. பட்டையாக்குங்கள். நெடுக்கே எட்டு, குறுக்கே எட்டு பின்னி, நான்கு பக்கமும் மேலே மடித்துத் தொடர்ந்து பின்னினால் சிறு பெட்டி வரும். பிள்ளைகள் போகும்போது பலகாரம் போட்டுக் கொடுக்கலாம். மை ஒட்டாமல் உள்ளே வாழையிலைத் துண்டு வைத்துவிடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பொறுமை இருந்தால் இந்த வேலை நன்றாக வரும், சின்னவர்களுக்கு வேண்டாம்.

சின்னவர்களுக்குச் சங்கிலிதான். பழைய பத்திரிகை, விளம்பரத் தாள்களை 20 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் வெட்டிக் கொடுங்கள். ஒன்றை வளையமாக ஒட்டி, அடுத்ததை அதற்குள் விட்டு ஒட்ட வேண்டும். ஒரு வளையம் சங்கிலியில் ஏறக்குறைய 5 செ.மீ. நீளம் தரும். ஒரு மீட்டருக்கு இருபது, ஐந்து மீட்டர் சுவருக்கு நூறு வளையம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு எண்ணிக்கைப் பாடமும் ஆச்சு.

முட்டைத் தட்டில் பூ செய்யலாம். குழிகளைத் தனித்தனியாக வெட்டி, நான்கு இதழாகக் கீறி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்தால் பளிச்சென்ற மஞ்சள் பிடிக்கும். பீட்ரூட் சாயம் இரண்டு நாளில் வெளுத்துவிடும், அதனால் சிவப்புக்குக் கேசரிப் பவுடரே மேல். குழிகளுக்கு நடுவே நிற்கும் கூம்புகளைத் தலைகீழாகக் கோத்தால் மணி. உடைந்த முட்டையின் கறை பட்ட தட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் கிருமி இருக்கும், கழுவவும் முடியாது. வேலை முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பால்மாவுப் பை, சிப்ஸ் பை இவற்றின் உள்பக்கமும் வெள்ளியாக மின்னும். வெந்நீரும் சோப்பும் போட்டு எண்ணெய் போகக் கழுவி, நீளக் கீற்றுகளாக வெட்டி, ஒரு கொத்தாக நூலில் கட்டினால் குஞ்சம். காற்றில் சலசலவென்று ஆடும். ஜிகினாத் தூளின் வேலையை இது பார்த்துவிடும். தூளை வாங்கவே வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பொடிப் பிளாஸ்டிக். தரையைக் கழுவும் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போய்க் கடைசியில் பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் நம் கடலில்தான் சேரும். பலூன் விஷயத்திலும் எனக்கு இதே எண்ணம்தான். வீட்டுக்குள் நாலு பலூன் கட்டுவது வேறு, மாடியில் கட்டிக் காற்றில் பறக்கவிடுவது வேறு. சின்னத் தீவில் காற்று அதைக் கொண்டுபோய்ப் போடும் இடம் கடல்தான்.

பிளாஸ்டிக் போத்தலில் பூ, விளக்கு என்று நிறையப் பேர் செய்கிறார்கள். நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. வெட்டிய விளிம்பு கையை அறுக்கும், சாயம் பூசிய போத்தலை மறுசுழற்சிக்கும் எடுக்க மாட்டார்கள். வெட்டாமல் அப்படியே பயன்படுத்தினால் நல்லது. உள்ளே நிறத் துணிகளையும் கொஞ்சம் மணலையும் போட்டு, மேசைமேல் கொடிக்கம்பம் நடும் அடிப்பாகமாக வைக்கலாம். விழா முடிந்ததும் காலி செய்து சேகரிப்புத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.

வீட்டுச் சாமானில் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் 2020 ஆகஸ்டை நினைவுபடுத்துங்கள். வகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது மஹேபூர்க் கரையில் ஊரே கூடி, கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைத்து, காலிப் போத்தல்களைக் கட்டி மிதக்கவிட்டு எண்ணெயைத் தடுத்தார்கள். தைத்தது நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள்தான். பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கும்போது இதையும் சொல்கிறேன். அன்று ஊர் ஜனங்கள் செய்தது என்னவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பரிமாறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் எல்லாம் 2021 ஜனவரி 15 முதல் இங்கே தடை. அவற்றுக்குப் பதிலாகப் பூச்சுப் பூசிய காகிதத் தட்டு வாங்கிக் குவிப்பதைவிட, நம் கோயில் விருந்தில் ஏழு கறிக்கு விரிக்கிற வாழையிலையைச் சின்னதாக நறுக்கி எவர்சில்வர் தட்டில் போட்டுவிட்டால் அதுவே மேசைக்கு அலங்காரம்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காகவே தொப்பிகளை முழுதாக முடித்து வைக்காதீர்கள். கூம்பும் கிரீடமும் தயாராக இருக்கட்டும், அலங்கரிக்கிற வேலையை விழாவின் முதல் விளையாட்டாக வையுங்கள். முட்டைத்தட்டுப் பூ, குஞ்சம், துணித் துண்டு, பொத்தான், பென்சில் சீவிய சுருள், காய்ந்த சவுக்குக் காய் எல்லாவற்றையும் கிண்ணங்களில் போட்டு நடுவில் வைத்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் சத்தமே இருக்காது. பொத்தான் மாதிரி சின்னச் சாமான்களைக் கைக்குழந்தைகளுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும், பால்பெட்டியையும் போத்தலையும் பெரியவர்கள்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு தொப்பியிலும் உள்பக்கம் பெயரை எழுதச் சொல்லுங்கள், தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் தமிழில் எழுதட்டும். இதனால் யார் தொப்பி என்ற சண்டையும் வராது.

கேக் வெட்டும் நேரத்தில் கவனம் வேண்டும். மெழுகுவத்தியை ஊதக் குனியும்போது தொப்பியின் முன்பக்கம் தொங்கும் காகிதத்திலும் குஞ்சத்திலும் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. முன்பக்கத்தில் தொங்கும் அலங்காரம் இல்லாமல் செய்யுங்கள், ஊதுகிற பிள்ளையும் பக்கத்தில் நிற்பவர்களும் அந்த ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றிவிடட்டும். மேசைக்கு மேலே காகிதச் சங்கிலி தாழத் தொங்கக் கூடாது. விளக்கு வேண்டுமென்றால் பாட்டரி விளக்கு போதும்.

முடிந்த அன்றே அரை மணி நேரம் ஒதுக்கிப் பிரித்துவிடுங்கள், மறுநாள் என்றால் எல்லாம் ஒரே பையில் போய்விடும். ஸ்டேப்ளர் ஊசிகளைப் பிடுங்கி ஒரு டப்பாவில் சேருங்கள். பசை ஒட்டிய காகிதம், முட்டைத்தட்டுப் பூ, சங்கிலி எல்லாம் உரக்குழிக்குப் போகலாம். பளபளப்பான விளம்பரத் தாளை மட்டும் காகித மறுசுழற்சிக்கு எடுத்து வையுங்கள். ஜரிகைக் கரையும் டிஷர்ட் கயிறும் அடுத்த தடவைக்கு ஆகும். துணிக்கொடியையும் முண்டாசுத் துணியையும் துவைத்து நன்றாகக் காயவைத்து, கயிறு சிக்காமல் ஓர் அட்டைத் துண்டில் சுற்றி, பழைய தலையணை உறையில் போட்டு, நாலு காய்ந்த வேப்பிலையோடு அலமாரியில் வைத்துவிடுங்கள்.